நான்காவது படி

கையெழுத்துப் போட இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

கடிதம் பேராசிரியையின் மேசையில் கிடந்தது. அதன் மேல் அவர் டீக் கோப்பையை வைத்திருந்தார். ‘என் ஆய்வுக் கட்டுரையை நானே திரும்பப் பெறுகிறேன்’ என்ற வரியின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் அதில் கையெழுத்துப் போட்டால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். போடாவிட்டால் விசாரணைக் குழு கூடும். பொய்த் தரவு தயாரித்தவர் என்று எழுதி வேலையை விட்டு அனுப்பும்.

“போட மாட்டேன்” என்றார் பேராசிரியை. “அதுக்கு உங்களைக் கூப்பிடல. போடாம எப்படி ஜெயிக்கிறதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி கோப்பையை நகர்த்திக் கடிதத்தைப் படித்துவிட்டு, மறுபடி கோப்பையை அதே வட்டத்தின் மேல் வைத்தாள். அவளைத் துருவி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இருபது வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தானாக எரிந்த குடோன்களையும் எரிய வைக்கப்பட்ட குடோன்களையும் பிரித்துச் சொல்லும் வேலை பார்த்தவள். பதில் வரும்வரை விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள்.

பக்கத்தில் அவளுடைய உதவியாளன். வயது முப்பத்திரண்டு. பெயர் ஸ்பீக்கர். அவன் ரகசியம் பேசினால் அடுத்த அறையில் பதில் சொல்வார்கள். துப்பறியும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத தொண்டை கிடைக்காது என்று துருவி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

பேராசிரியை விஷயத்தைச் சொன்னார். ஊரின் பெரிய நெசவு மில்லில் ஒரு விதி உண்டு. தறிச் சத்தத்தில் காது கெட்டுப்போகும் என்பதால், தொழிலாளர்களுக்குக் காது சோதனை நடத்துவார்கள். கேட்கும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு எண் வரும். நாற்பதோ அதற்கு மேலோ வந்தால், அதே சம்பளத்தில் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே சத்தம் கிடையாது. நாற்பதுக்குக் கீழே என்றால் மறுபடி தறிக்கூடம்தான்.

சத்தத்திலிருந்து விலக்கினால் உண்மையிலேயே பலன் உண்டா என்பது அவருடைய ஆராய்ச்சி. இருபது வாங்கினவரையும் அறுபது வாங்கினவரையும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது, வயது வேறு, உடம்பு வேறு என்றார். கோட்டை ஒட்டி நிற்பவர்களை மட்டும் பார்க்க வேண்டும். நாற்பதுக்கு ஒரு நூல் கீழே இருப்பவரும் சரியாக நாற்பதில் இருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே ஆள். ஒருவர் விரலைக் கொஞ்சம் முன்னால் தூக்கினார், இன்னொருவர் பின்னால் தூக்கினார், அவ்வளவுதான். பிறகு ஒன்பது வருடம் கழித்து அவர்களுக்குள் வித்தியாசம் இருந்தால், அதைச் செய்தது ஆள் இல்லை, தறி.

“புரொபசர் மேடம், நான் பன்னெண்டாவதுல ஒரு மார்க்குல போனவன்” என்றான் ஸ்பீக்கர். “எனக்கும் பாஸானவனுக்கும் வித்தியாசமே இல்லைன்னு எங்க அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“ஒரு மார்க்குலயா போன?” என்றாள் துருவி.

“ஒரு பாடத்துல ஒரு மார்க். மத்த பாடத்தைப் பத்தி இப்ப பேச்சு வரல.”

பேராசிரியை சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக நீலக் கம்பங்கள். ஒவ்வொரு எண்ணிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கம்பத்தின் உயரம். எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வந்துகொண்டிருந்தன. நாற்பதுக்குச் சற்று முன்னால், முப்பத்தெட்டே முக்காலில், ஒரு கம்பம் மட்டும் கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. அதை அடுத்து நாற்பதிலும் நாற்பத்தொன்றே காலிலும் கிட்டத்தட்ட வெற்றிடம். அதற்கு அப்பால் மறுபடி பழைய உயரம்.

“கோட்டுக்கு இந்தப் பக்கம் நெரிசல், அந்தப் பக்கம் காலி. மனுஷங்க காது அப்படிக் கெட்டுப்போகாது. யாரோ கோட்டுல நின்னுக்கிட்டு, தாண்டி வந்தவங்களை இழுத்து இந்தப் பக்கம் போட்டிருக்காங்க.”

அப்படியானால் அவருடைய ஒப்பீடே செல்லாதே என்று துருவி கேட்டாள். செல்லாது என்று பேராசிரியை ஒப்புக்கொண்டார். அதையும் கட்டுரையில் எழுதியிருந்தார். கோடு சுத்தமாக இல்லை, ஆகவே என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை, ஆனால் இந்தக் கோபுரமே ஒரு விடை என்று முடித்திருந்தார். அவர் வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடும்படி அன்பாகக் கேட்டார். பிறகு அன்பில்லாமலும் கேட்டார். மில் நிர்வாகம் தன்னிடமிருந்த ‘உண்மைப் பட்டியலை’ அனுப்பி வைத்தது. அதில் கோபுரமும் இல்லை, வெற்றிடமும் இல்லை. ஆக, பேராசிரியை தன் பட்டியலைத் தானே தயாரித்துவிட்டார் என்று முடிவாகிவிட்டது.

“உங்க பட்டியலை யார் கொடுத்தது?”

“சொல்ல மாட்டேன். வாக்கு கொடுத்திருக்கேன்.”

துருவி இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பேராசிரியையின் பட்டியலில் கால், அரை, முக்கால் என்று பின்னங்கள். மில்லின் பட்டியலில் முப்பத்தாறு, முப்பத்தேழு என்று எல்லாம் முழு எண்கள். ரவுண்ட் பண்ணியதாக அடிக்குறிப்பு இருந்தது. முழு எண்தான் பார்க்க நேர்மையாக இருக்கிறது என்று இயக்குநர் சொன்னாராம்.

“நீங்க அந்த மெஷினைப் பார்த்திருக்கீங்களா?” என்றாள் துருவி.

பேராசிரியை பார்த்ததில்லை. எண்கள்தான் அவரிடம் வந்தன.

“எழுந்திருப்பா” என்றாள் துருவி உதவியாளனிடம். “உன் காதுக்கு வேலை வந்திருக்கு.”

*

மில்லின் வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை. காலையில் தொழிலாளர்களுக்கு, மதியத்துக்கு மேல் வெளியாட்களுக்கும் அங்கே காது சோதனை செய்வார்கள். சுவர் வழியாகத் தறிகளின் அதிர்வு தரைக்கு வந்து, செருப்பு வழியாக முழங்கால் வரை ஏறியது. நடுவில் கண்ணாடி வைத்த கூண்டு. சோதனை செய்பவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மில்லில் அவரைக் காதுக்காரர் என்பார்கள். இருபத்தேழு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். நாற்காலிக் கைப்பிடியில் அவர் முழங்கை வைத்த இடம் வெளுத்துப் பள்ளமாகியிருந்தது.

கூண்டுக்குள் போனதும் பேசக்கூடாது, ஒலி கேட்டால் விரலைத் தூக்கினால் போதும் என்றார் காதுக்காரர்.

“எவ்வளவு நேரம் பேசக்கூடாது?” என்றான் ஸ்பீக்கர்.

“பத்து நிமிஷம்.”

“மேடம், இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா?”

“வேற வழியில எனக்குப் பத்து நிமிஷம் கிடைக்கல” என்றாள் துருவி.

கதவு மூடியது. ஸ்பீக்கர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்டனை பெற்றவன் மாதிரி உட்கார்ந்தான். துருவி காதுக்காரரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர் ஆட்சேபிக்கவில்லை.

வலது காது மட்டும். நான்கு விதமான ஒலிகள். கட்டையான ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலிவரை. ஒவ்வொன்றையும் பூஜ்யத்தில் தொடங்கி, குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றினார். குமிழ் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று ஒரு இடத்தில் நின்றது. ஐந்து. டக். பத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் எழும்பியது. நடுவில் ஏழு, எட்டு என்று நிறுத்த முடியுமா என்று துருவி கேட்டாள். முடியாது, மெஷின் ஐந்து ஐந்தாகத்தான் ஏறும், உலகத்தில் எந்த ஊர் மெஷினும் அப்படித்தான் என்றார். பிறகு நான்கையும் கூட்டி நாலால் வகுக்க வேண்டும்.

துருவி மனதுக்குள் கூட்டினாள். ஏதாவது ஒரு ஒலியில் ஒரு ‘டக்’ கூடினால், மொத்தத்தில் ஐந்து கூடும். நாலால் வகுத்தால் ஒன்றேகால். அப்படியானால் இந்த அறையிலிருந்து வெளியே போகும் எந்த எண்ணும் ஒன்றேகால் ஒன்றேகாலாகத்தான் ஏற முடியும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு குமிழையே பார்த்தாள்.

முதல் ஒலி பத்து. இரண்டாவது பத்து. மூன்றாவது பத்து. நான்காவதில், கீச்சொலியில், ஸ்பீக்கர் பத்தில் சும்மா இருந்தான். பதினைந்தில் விரலைத் தூக்கினான்.

காதுக்காரர் அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, துருவியிடம் நீட்டினார். காது நன்றாக இருக்கிறது என்றார். துருவி அட்டையைப் பார்த்தாள். மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மில் மேலாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான குரல். பேராசிரியை ஆள் வைத்து விசாரிப்பது காலையிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன சந்தேகமானாலும் தன்னிடமே கேட்கலாமே என்றார். துருவியும் கேட்டாள். மில் அனுப்பிய பட்டியலில் ஏன் பின்னமே இல்லை? மெஷின் கொடுக்கும் கால், அரை, முக்காலை எல்லாம் ஆபீஸில் ரவுண்ட் பண்ணிவிடுவார்கள், எந்த ஆபீஸிலும் நடப்பதுதான் என்றார் மேலாளர்.

“நியாயம்தான்” என்றாள் துருவி. “முப்பத்தஞ்சுல ஒரு மாடி, நாப்பதுல ஒரு மாடின்னு வச்சுக்குங்க. நடுவுல இந்த மெஷின் கட்டின படி எத்தனை? முப்பத்தாறே கால், முப்பத்தேழரை, முப்பத்தெட்டே முக்கால். மூணு. நீங்க மேல ரவுண்ட் பண்ணுங்க, கீழ ரவுண்ட் பண்ணுங்க, மூணு படி மூணு படிதான். உங்க பட்டியல்ல முப்பத்தாறுல ஆள் இருக்கு, முப்பத்தேழுல இருக்கு, முப்பத்தெட்டுல இருக்கு, முப்பத்தொம்பதுலயும் இருக்கு. அந்த நாலாவது படியை எந்தக் கொத்தனார் கட்டினார்?”

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அதுல நிக்கிறவங்க அந்தரத்துல நிக்கிறாங்க சார்” என்றான் கூண்டிலிருந்து வெளியே வந்திருந்த ஸ்பீக்கர். பத்து நிமிடப் பாக்கியைச் சேர்த்துப் பேசியதில் கண்ணாடி அதிர்ந்தது.

மேலாளர் குரலை உயர்த்தவில்லை. இரண்டு பட்டியலும் தப்பாக இருக்கலாம், அதனால் அந்த அம்மாளின் பட்டியல் சரியாகிவிடாது, பட்டியல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதவர் நாளை மதியம் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். போகும்போது காதுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்பீக்கருக்கு வருத்தம். நாலாவது படியோடு கேஸ் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தான்.

“அவர் சொன்னது சரி” என்றாள் துருவி. “அவங்க பட்டியல் பொய். இவங்க பட்டியல் மெய்யின்னு இன்னும் ஆகல.”

அவள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காதுக்காரரின் மேசையில் வைத்தாள்.

“கடைசி ஒலிக்கு இவன் எதுல விரலைத் தூக்கினான்?”

“பத்துல.”

“பதினஞ்சுல. உங்க பின்னாடிதான் நின்னேன். குமிழ் மூணு தடவை தட்டிச்சு. அட்டையில பத்துன்னு இருக்கு.”

காதுக்காரர் அட்டையைப் பார்த்தார். வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இவன்கிட்ட உங்களுக்கு எந்தப் பகையும் இல்ல” என்றாள் துருவி. “குறைச்சு எழுதினா யாருக்கும் லாபமும் இல்ல. கை தானா ஒரு படி இறங்கிடுச்சு. எத்தனை வருஷப் பழக்கம்?”

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். தறிச் சத்தம் குறையவில்லை.

பிறகு சொன்னார். மடிக்கும் பிரிவில் வருடத்துக்கு நாற்பது பேருக்கு மேல் இடமில்லை என்று ஒன்பது வருடத்துக்கு முன் மேலாளர் சொன்னாராம். மெஷின் சொல்வதைத்தான் எழுத முடியும் என்று இவர் பதில் சொன்னார். அப்படியானால் மெஷினுக்குப் பழக்கிக் கொடு என்றார் மேலாளர். நாற்பதும் நாற்பத்தொன்றே காலும் வந்தவர்களை ஒரு படி, இரண்டு படி இறக்கி எழுதினால் போதும், அதற்கு மேல் வந்தவர்களைத் தொட்டால் வெளியே தெரிந்துவிடும். மூன்று வருடம் அப்படி எழுதினார். பிறகு ஒருநாள் முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்காக வேலை போகவில்லை. ஆனால் அதற்குள் கோபுரம் எழுந்துவிட்டது. அந்தக் கைப்பழக்கமும் முழுக்கப் போகவில்லை போலிருக்கிறது.

பேராசிரியை தரவு கேட்டு வந்தபோது பதிவேட்டை நகலெடுத்துக் கொடுத்தது இவர்தான். தன் பெயர் வரக்கூடாது என்று மட்டும் கேட்டார். அந்த அம்மாள் தலையசைத்தார். இவ்வளவு தூரம் போகும் என்று இருவருமே நினைக்கவில்லை.

அலமாரியில் பழைய ஹெட்போன்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே அட்டைகள். இறக்கி எழுதுவதற்கு முன் எழுதிய உண்மையான அட்டைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் வரிசை எண்ணும். ஒன்று முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை. ஏன் வைத்திருந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. கிழிக்கக் கை வரவில்லை என்றார்.

“எடுத்துட்டுப் போங்க. நான் வர மாட்டேன்.”

“அட்டைக்கு வாய் இல்லையே. இதுவும் பொய்ன்னு சொல்லுவாங்க. எழுதின ஆள் வந்து சொல்லணும்.”

முடியாது என்று அவர் தலையை ஆட்டினார். துருவி அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வரிசை எண் நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு.

“நாப்பத்தேழு எங்க?”

“தொலைஞ்சு போச்சு.”

“ஒம்பது வருஷமா வரிசை மாறாம வச்சிருக்கிற ஆள்கிட்ட ஒண்ணு மட்டும் எப்படித் தொலையும்?”

அவர் திரும்பி மெஷினைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

*

பேராசிரியைக்குக் கோபம் வந்தது. படியைப் பற்றிச் சொன்னபோது நெற்றியில் தட்டிக்கொண்டு, ரெண்டு வருஷம் எண்ணைத்தானே பார்த்தேன், மெஷினைப் பார்க்கலையே என்று நொந்துகொண்டவர், டப்பாவைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தான் காப்பாற்றிய பெயரை இவர்கள் ஒரே மதியத்தில் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

“அவரா வந்து பேசாம, இதுல ஒரு அட்டையைக்கூட நான் மேசையில வைக்க மாட்டேன்.”

“அப்படின்னா நாளைக்கு உங்க கையில வீறாப்பு மட்டும்தான் இருக்கும் புரொபசர் மேடம்” என்றான் ஸ்பீக்கர்.

“இருக்கட்டும்.”

மேசையில் போன் அடித்தது. இயக்குநர். அவர் நீளமாகப் பேசினார். பேராசிரியை கேட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு வருட வேலை, பாதியில் நிற்கும் மாணவர்கள், ஒரே ஒரு படம் என்றெல்லாம் போனுக்கு வெளியிலும் கேட்டது.

“என்னை எடுத்துடுங்க” என்றார் பேராசிரியை. “படத்தை எடுக்க மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு அவர் மேசையில் இருந்த பேனாக்களை அடுக்கினார். ஸ்பீக்கர் அன்று முதல்முறையாகத் தானாகவே வாயை மூடிக்கொண்டு, அவருக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

துருவி மூலையில் உட்கார்ந்து பதிவேட்டின் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறாம் அட்டையும் நாற்பத்தெட்டாம் அட்டையும் ஒரே தேதியில் எழுதப்பட்டவை. அந்தத் தேதியில் அந்த இரண்டு பேருக்கும் நடுவே பதிவேட்டில் முப்பத்தெட்டே முக்கால் என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஒரு பெண். தறிக்கூடம், பதினோராம் வரிசை. கடைசிக் கட்டத்தில் ‘அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்’ என்று ஒரு கேள்வி. அதற்கு நேரே எழுதியிருந்ததைத் துருவி இரண்டு முறை படித்தாள்.

‘அண்ணன். மில் வாசல், காது சோதனை அறை.’

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் காதுக்காரரின் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் வேலைக்குக் கிளம்பியிருந்தார். முகம் தூங்காத முகம்.

இன்று பன்னிரண்டு மணிக்கு உங்கள் பெயரை நான் சொல்லப்போவதில்லை என்றாள் துருவி. அந்த அம்மாளும் சொல்ல மாட்டார். ஒரு மணிக்குள் அவருக்கு வேலை போகும், பொய்க்காரி என்று பெயர் நிற்கும். கட்டாயப்படுத்த வரவில்லை. நாற்பத்தேழாம் அட்டை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன்.

காதுக்காரரின் கை தன்னை அறியாமல் சட்டைப் பைக்குப் போனது.

“மேலாளரைப் பார்த்து எனக்குப் பயமில்லைங்க” என்றார். “வேலை போனா போகட்டும். நான் அங்க போய்ச் சொன்னா நாளைக்கே தங்கச்சிக்குத் தெரிஞ்சிடும். அவ அதை யார் வாயிலயோ கேப்பா.”

“அப்ப உங்க வாயில முதல்ல கேக்கட்டும்.”

அவர் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, மில்லுக்குப் போகும் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தார்.

தங்கையின் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். அழைப்பு மணியை அழுத்தியபோது சத்தம் வரவில்லை. மணிக்குப் பதிலாக உள்ளே ஒரு பல்பு எரிந்து அணைவது ஜன்னலில் தெரிந்தது. கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது. மதிய ஷிப்டுக்குப் போக வேண்டியவள். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். தறியில் மாட்டாமல் இருக்க அப்படித்தான் கட்டுவார்கள்.

“என்னண்ணா இந்த நேரத்துல? லீவா? யாரு இவங்க?”

ஸ்பீக்கர் தன்னையும் துருவியையும் அறிமுகம் செய்துகொண்டான். அவள் காதைத் திருப்பி, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். அவனிடம் அப்படி யாரும் அதுவரை சொன்னதில்லை. திகைத்துப்போய்த் துருவியைப் பார்த்தான்.

அவள் எல்லோரையும் உட்காரச் சொன்னாள். மில்லுக்கும் ஒரு பேராசிரியைக்கும் நடக்கும் தகராறு அவளுக்குத் தெரிந்திருந்தது. தறிக்கூடத்தில் பேச்சு அதுதான். யாரோ பெரிய படிப்புப் படித்த அம்மாள், அளவெடுத்ததில் ஊழல் என்று எழுதிவிட்டாராம். அவளுக்கு அதில் ஆத்திரம். பேசும்போது தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எங்க வரிசையில நாலு பேர் அழுதாங்க அப்ப. ஒரு படியில போச்சேன்னு. மனு எழுதி என்கிட்ட கையெழுத்துக் கேட்டாங்க. நான் போடலையே. எங்க அண்ணன் கையில கோடு வளையாது, கூடப்பிறந்தவ எனக்கே முப்பத்தெட்டே முக்கால்னுதான் எழுதிச்சு, எனக்கு மாத்தி எழுத முடியாதா அதுக்குன்னு கேட்டேன். வாயை மூடிட்டாங்க. இன்னைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். அந்த அம்மா வந்தாலும் சொல்லுவேன்.”

காதுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துருவி எதுவும் கேட்கவில்லை. ஆயிரம் பேரிடம் ஆயிரம் கேள்வி கேட்டவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கர் அவளிடம் கடிகாரத்தைச் சாடையாகக் காட்டினான். பத்தாகப் போகிறது. அவள் அதைப் பார்க்கவும் இல்லை.

காதுக்காரர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். மடித்த இடங்களில் நைந்திருந்தது. மூலையில் நாற்பத்தேழு. அதைத் தங்கையிடம் நீட்டாமல் தன் முழங்காலின் மேல் விரித்து வைத்து உள்ளங்கையால் நீவினார். உன்னை அந்தப் பக்கம் அனுப்பியிருந்தால், தங்கைக்கு மட்டும் வழி விட்டான் என்று அத்தனை பேரும் சொல்லியிருப்பார்கள் என்று முணுமுணுத்தார். மற்றவர்களை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு உன்னை மட்டும் எப்படி விடுவது என்றார். நேர்மையானவன் என்று பெயர் எடுக்க வேண்டியிருந்தது என்றார். எல்லாவற்றையும் தரையிடம்தான் சொன்னார்.

“கேக்கலண்ணா” என்றாள் தங்கை. எழுந்து வந்து அவர் எதிரில், முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். “நிமிர்ந்து சொல்லு. சத்தமா சொல்லு.”

அவர் நிமிர்ந்தார்.

“உனக்கு முப்பத்தெட்டே முக்கால் இல்லம்மா” என்றார். தெருவுக்கே கேட்கும் குரலில், ஒவ்வொரு சொல்லாக. “நாப்பத்தொண்ணே கால். ரெண்டு படி இறக்கி எழுதினது நான்.”